பின் சீட்டில் கேட்ட சத்தம்

மேசைமேல் உன் கொண்டை ஊசி இரண்டு, ஒரு கண்ணாடி வளையல் துண்டு, புளிப்பு மிட்டாய்க் காகிதம் ஒன்று இருக்கின்றன. ஊசியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது. மெக்கானிக் பாபு நம் காரின் பின் சீட்டைத் தூக்கியபோது அடியில் கிடந்தவை. நீ போனபிறகு அந்தச் சீட்டில் நான் கை வைத்ததே இல்லை. துக்கம் என்று நினைத்து நெகிழ்ந்துவிடாதே. பாதி சோம்பல்.

வெள்ளிக்கிழமை தெள்ளாரில் நம் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தது. அது முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை இங்கே ஆரணிக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. கல்யாணமாகி அவள் புறப்பட்ட அன்று அழுதுகொண்டு நின்றவளிடம் நீ சொன்னாயே, "தலப்பிரசவத்துக்கு நம்ம வண்டியிலதான் உன்ன இட்டுகினு வருவோம். நான் பக்கத்துல உக்காந்துகினு வருவேன், போதுமா?" என்று. பின்பாதி என் கையில் இல்லை. முன்பாதியையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தால், வண்டி சரியாக அந்த வாரம் முனக ஆரம்பித்தது.

கண்டுபிடித்தது நான் இல்லை, என் அக்கா. தேவிகாபுரம் கோயிலுக்கு அழைத்துப் போனேன். பின்னால் உட்கார்ந்தவள், "டேய், எனக்கு அடியில ஏதோ அழுதுகினே வருதுடா" என்றாள். "ரோடு அப்படிக்கா" என்றேன். திரும்பும்போது ஒரு மேட்டில் வண்டி ஏறமாட்டேன் என்று இரண்டு முறை திணறியது. "இப்ப ரோடு இன்னாடா சொல்லுது?" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வரும்வரை உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிய புதிதில் நீ முன் சீட்டில் உட்கார மறுத்தது நினைவிருக்கிறதா? சேத்துப்பட்டுக்குக் கல்யாண வீட்டாருக்குக் காட்டி விற்கப் பட்டுச் சேலைகள் எடுத்துப் போவோம். டிக்கியில் வைக்கலாம் என்றால், "ஸ்டெப்னி வாடையெல்லாம் பட்டுல ஏறிக்கும். பொண்ணு மணமேடையில பஞ்சர் கடை மாதிரி மணக்கணுமா?" என்று கேட்டாய். வெள்ளைத் துணியில் சுற்றிய சேலைக் கட்டைப் பின் சீட்டில் வைத்து, அதன்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். அதன்பின் கட்டு இல்லாத நாளிலும் அதுதான் உன் இடம். பார்ப்பவர்கள் என்னை டிரைவர் என்றே நினைத்தார்கள். சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் எனக்கு மட்டும் வாசலிலேயே டீ கொடுத்தார்கள். "எங்க வீட்டுக்காரருங்க" என்று நீ சொன்னாய்தான், நான் டீயைக் குடித்து முடித்த பிறகு.

அப்போதுதான் முதல் தடவை அந்தச் சத்தம் வந்தது. "இன்னாங்க, சீட்டுக்கு அடியில வண்டு கத்திகினே கீது" என்றாய். எனக்குக் கேட்கவில்லை. பத்தாவதோடு நிறுத்திய படிப்பும், மொபைலில் பார்த்த நாலு வீடியோவும் சேர்ந்து எனக்குள் ஒரு இன்ஜினியரை உட்கார வைத்திருந்தன. சக்கரத்து பேரிங் என்றேன். பிறகு ஏசி என்றேன். கடைசியில், "உன் வளையல்தான், கழட்டு" என்றேன்.

நீ கழற்றினாய். ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டாய்: "இப்ப யாரு வளையல் போட்டுகினு கீறாங்க, உங்க வண்டியா?"

ஒன்று உடைந்ததும் அன்றைக்குத்தான். அந்தத் துண்டாகத்தான் இருக்க வேண்டும், மேசைமேல் இருப்பது.

வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டு நீ வேலையில் இறங்கினாய். பெட்ரோல் போட்டுக் கிளம்பினால் சத்தம் குறைகிறது, பெட்ரோல் அளவு காட்டும் முள் கீழே இறங்க இறங்கக் கூடுகிறது என்பதைக் கவனித்தாய். "வண்டுக்குத் தாகம்ங்க" என்றாய். நான் சிரித்தேன். பாபுவிடம் போய் நீ சொன்னதையே சொன்னதும் அவன் சிரிக்கவில்லை. "அக்கா சொல்றது கரெக்டுண்ணே. பெட்ரோல இழுக்கற பம்ப்பு டேங்குக்குள்ள பெட்ரோல்லயே முங்கினு கீது. பெட்ரோல்தான் அத்த சூடாவாம காப்பாத்துது. நீங்க எப்பவும் ரிசர்வுலயே ஓட்டினா அது வெந்துபூடும்" என்றான். டேங்க், பின் சீட்டுக்கு நேர் அடியில். அதனால்தான் சத்தம் உனக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. என் காதில் கோளாறு இல்லை என்று தெரிந்ததில் எனக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, "காது நல்லாதான் கீது, கேக்கறதுதான் இல்ல" என்றாய்.

பம்ப் மாற்றினோம். அன்றிலிருந்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் உன் தலை நீண்டு வரும். "முள்ளு பாதிக்குக் கீழ போவுது." பங்க் வரும்வரை விடமாட்டாய். வண்டி இத்தனை வருஷம் ஓடியதற்குக் காரணம் நான் போட்ட ஆயில் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருக்கட்டும், உன்னிடம் மட்டும் உண்மை.

நீ போனபின் எட்டிப் பார்க்கத் தலை இல்லை. நானும் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மஞ்சள் விளக்கு எரிந்தால்தான் பங்க் ஞாபகம் வரும். வண்டுக்கு மறுபடி தாகம்.

மாப்பிள்ளை நல்லவர். "வாடகைக் கார் வெச்சிக்கலாம் மாமா, வழியில நின்னுட்டா கஷ்டம்" என்றார். சொன்னது சரிதான். நிறைமாசத்தை நெருங்குகிற பெண்ணை நடுரோட்டில் நிறுத்த எனக்கு மட்டும் ஆசையா? "வியாழக்கிழமைக்குள்ள சரியாவலன்னா வாடகைக் கார்தான் தம்பி" என்று ஒத்துக்கொண்டு பாபுவிடம் ஓடினேன்.

"சாவியத் திருப்புங்கண்ணே, ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றான் பாபு. பின்னாலிருந்து கீச்சென்று ஓர் அழுகை வந்து நின்றது. "பம்ப்பு சத்தம் உம்முனு மெல்ல வரணும். அப்பவே சொன்னனே, ரிசர்வு வேணாம்னு. பாதி டேங்க் போட்டுகினு வாங்க, ஓட்டிப் பாக்கலாம். ஆனா நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காந்து கேளுங்க."

அப்படித்தான், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, உன் இடத்தில் உட்கார்ந்தேன்.

சத்தம் தெளிவாகக் கேட்டது. பெட்ரோல் போட்டபின் குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. அது மட்டுமா, அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதும் தெரிந்தது. ஓட்டுகிறவனின் பிடரி, இரண்டு காது, கண்ணாடியில் அரை முகம். இதைப் பார்த்துக்கொண்டுதான் நீ அத்தனை தூரம் வந்திருக்கிறாய். பாபுவின் பிடரியாவது பரவாயில்லை. என்னுடையது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அலுக்காமல் வந்தாயே, அதற்கு ஒரு கும்பிடு.

"இன்னாண்ணே, கேக்குதா?" என்றான் பாபு.

"கேக்குதுப்பா" என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கும் ஒரு கும்பிடு.

சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, பம்ப்பை வெளியே எடுத்தான். அடியில் இருந்த சல்லடை கறுத்து, வண்டல் அடைத்துக் கிடந்தது. இழுக்க முடியாமல் இழுத்து பம்ப்பும் தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றினான். வியாழக்கிழமை சாயங்காலம் சாவியைத் திருப்பினால், உம்மென்று ஒரு மூச்சு வந்து அடங்கியது. பாபு வண்டியைத் தட்டிக்கொடுத்தான். நான் சீட்டைத் தட்டிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை டேங்க் நிரப்பிக்கொண்டு போனேன். திரும்பும்போது அக்கா முன்னால் உட்கார்ந்து உடனே தூங்கிவிட்டாள். பெண் பின்னால், உன் இடத்தில். சேத்துப்பட்டு தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து கிலுகிலுவென்று ஒரு சத்தம் வந்தது. ஓரம் கட்டி, இறங்கி, பின் கதவைத் திறந்து காதைக் கொடுத்தேன். ஒன்றும் இல்லை.

"இன்னாப்பா?"

"ஏதோ சத்தம் வருதும்மா."

அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். "இதாப்பா?"

"அம்மாகிட்ட சொன்னா மாதிரி கழட்டச் சொல்லுவீங்களா?" என்று சிரித்தாள். அந்தக் கதையை நீ அவளிடம் எப்போது சொன்னாயோ.

"கொழந்த பொறக்கற வரைக்கும் ஒன்னக்கூடக் கழட்டாத" என்றேன்.

மீதி வழியெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஆரணி வந்தபோது முள் பாதிக்கு மேலேதான் நின்றது. வீட்டுக்குப் போகுமுன் பங்க்கில் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.