கல் பிடுங்கிய ஏலப்பூ

என் ஆசை மதினிக்கு,

நீ போன இடத்துக்குத் தபால் கிடையாது. இருந்தும் உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உன் மகள் பூரணி வந்துவிட்டுப் போனாள்.

வருவதற்கு முந்தின மாதம் கனடாவிலிருந்து போன் செய்தாள். "அத்தை, அம்மா செஞ்ச வைரப் புரூச் ஒண்ணையாச்சும் கண்ணால பாக்கணும். வாங்கக்கூட வேணாம், பாத்தாப் போதும்" என்றாள். நீ சாகும்போது அவள் மூன்று வயதுப் பிள்ளை. "வா தாயி, கொண்டாந்து காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ ஒன்றையாவது உனக்கென்று வைத்துக்கொண்டாயா? "நமக்கெதுக்குடி வைரம்? அவுக கல்லு, அவுக காசு" என்பாய். எஸ்டேட் வீட்டுப் பெண்கள் கல்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், நீ சேலையில் குத்தும் ஏலப்பூவாக்கித் திருப்பிக் கொடுப்பாய். ஏலக்காய்ச் செடி உச்சியில் பூப்பதில்லை, காலடியில் மண்ணை ஒட்டித்தான் பூக்கும் என்று, பூவைக் கீழே பார்க்க வளைப்பாய். தங்கத்தில் பதித்தால் கல் மஞ்சளடிக்கும் என்று வெள்ளியில் பதிப்பாய். மதுரைக் கடைக்காரர்கள் வந்து அச்செடுத்துப் போனார்கள். என் அண்ணனுக்குத்தான் பெண்டாட்டியின் பெருமை கடைசிவரை தெரியவில்லை.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லாம் உடைத்தாயிற்று. ராசிங்காபுரத்தில் ஒன்று மூக்குத்தியாகியிருக்கிறது. இன்னொன்று யாரோ மருமகனுக்கு மோதிரமாம். கடைசியில் போடிமெட்டு எஸ்டேட்டம்மாவிடம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வேலையாட்கள் போகிற ஜீப்பில் இடித்துப் பிடித்து ஏறினேன்.

"ஒரு போனு போட்டிருக்கலாம்லத்தா" என்றார் அந்த அம்மா. "போன வாரந்தான் பத்தர்ட்ட குடுத்தோம். மாப்ள வீட்ல வைரத்தோடு கேட்டாக. இதைக் குத்திக்கிட்டு எங்க போறது, நீயே சொல்லு?"

கல்யாணப் பெண் புதுத் தோட்டோடு காப்பி கொண்டுவந்தாள். அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எது இதழில் இருந்த கல், எது காம்பில் இருந்த கல்? வைரத்துக்கு ஏது முகஜாடை? காப்பி ஆறிப்போனது.

கல்லெடுத்தபின் மிச்சமிருந்த வெள்ளிக் கூட்டையாவது தரமுடியுமா என்று கேட்டேன். "வெள்ளிதானத்தா, வச்சுக்க" என்று கையில் போட்டார். நல்ல மனுஷிதான். அவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

பூரணி மதுரை ரயிலில் வந்து இறங்கினாள். துப்பட்டாவில் ஒரு பின் குத்தியிருந்தாள். ரயில் ஏறுமுன் ஏதோ பேன்சி ஸ்டோரில் வாங்கியதாம். கண்ணாடிக்கல். உன் ஏலப்பூவேதான் மதினி, ஆனால் மேலே பார்த்துப் பூத்திருந்தது. இது உன் அம்மா பூவைப் பார்த்து அச்செடுத்ததடி என்றேன். "அப்படியா அத்தை?" என்று சிரித்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கூட்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன். கல்லிருந்த ஓட்டைகளில் அவள் கைரேகைதான் தெரிந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "கல்லு இருந்தப்ப நல்லாருந்துச்சா அத்தை?" என்று கேட்டாள்.

அழுதுவிட்டேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஊருக்குப் போகும்போது கூட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறந்தாளா, வேண்டாமென்று வைத்தாளா? போன் செய்து கேட்க எனக்குத் தைரியமில்லை. அவள்மேல் தப்பும் இல்லை. பார்க்காத ஒன்றை எப்படி நினைத்துக்கொள்வாள்? இனிப் போய்க் கேட்க ஒரு வீடும் மிச்சமில்லை. அந்தப் பூவை முழுசாகப் பார்த்து, மனசில் வைத்திருப்பவள் என்று நான் ஒருத்திதான் இருக்கிறேன். நானும் போய்விட்டால் அதோடு சரி.

இப்போது கூட்டை நானே குத்திக்கொள்கிறேன், பூ கீழே பார்க்கும்படி. கடைத்தெருவில் பார்க்கிறவர்கள், "என்னக்கா, கல்லெல்லாம் விழுந்துருச்சா?" என்கிறார்கள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பூரணிக்குக் கொடுத்ததைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இதைக் காப்பாற்றுவேன். அந்த ஓட்டைகளில் கண்ணாடிக்கல் வைத்து அடைக்க மாட்டேன். கேட்கிறவர்களிடமெல்லாம், விழவில்லை, பிடுங்கினார்கள் என்றே சொல்வேன்.

போடியிலிருந்து,
உன் நாத்தனா ராசாத்தி