மேல்மலையில் பிடிக்கிற டவர்

தனுஜா அப்பாவுக்கு,

ரொட்டியும் சம்பலும் அடுப்படியில மூடி வச்சிருக்கேன். ராத்திரி முழுக்க ஃபேக்டரியில நின்னுட்டு வர்றீங்க, சாப்பிட்டுட்டுத் தூங்குங்க.

நேத்து பகல் மஸ்கெலியா டவுன்ல யாரைப் பார்க்கப் போனேன்னு கேட்டீங்க. நான் மேல்மலையில தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன். அங்க மஸ்கெலியா டவர்தான் பிடிக்கும், அதான் போன் என்னை டவுன்ல காட்டியிருக்கு. நீங்க அப்படிக் கேட்ட பிறகுதான் போனுக்குள்ள தேடிப் பார்த்தேன். நான் போற இடமெல்லாம் உங்களுக்குக் காட்டுற ஆப் ஒண்ணு அதுல இருக்கு.

ஒரே கூரைக்குக் கீழ வரிசையா வீடு இருக்கிற இந்த லயத்துல நான் இருமினாக்கூட அடுத்த காம்பராவுக்குக் கேக்கும். எனக்குன்னு இருந்தது அந்தப் போன் ஒண்ணுதாங்க.

அதை சாமிப் படத்துக்குக் கீழ வச்சிட்டுப் போறேன். இன்னைக்கும் மேல்மலைதான். சந்தேகம்னா ஏறி வந்து பாருங்க.

வசந்தமலர்

மறந்துட்டேன். வெளிய போனா சாவியைப் பக்கத்துக் காம்பராவுல குடுங்க, தனுஜா பள்ளிக்கூடம் விட்டு வந்து வாங்கிக்குவா.

போன் பூட்டு நம்பர் இன்னும் உங்க பொறந்த நாள்தான், மாத்த மனசு வரல. அந்த ஆப்பையும் நான் அழிக்கல. வச்ச கையே எடுக்கட்டும்.