சேறு மறைத்த முகக்கோடுகள்

இனேஸ், உன் உடம்பும் அத்தையின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? நான் நலம். இதைத் தொமாஸ் அங்கே வந்து மனப்பாடமாகச் சொல்வான்.

வில்மரம் இல்லாமல் திரும்பினால் நமக்கு இவ்வருடம் காட்டெருமை வேட்டை இல்லை என்பது உனக்குத் தெரியும். மரம் தரும் ஹசினாய் மக்களின் ஊரில் கொசு அதிகம். முகத்தில் சேறு பூசிப் போனேன். நம் ஹுமானோ இனத்தின் அடையாளமாகப் பச்சை குத்திய கோடுகள் மறைந்துபோயின. ஆள் தெரியாமல் காவலர்கள் அம்பால் என்னைக் குறிவைத்தார்கள். சட்டென்று ஓடையில் முகம் கழுவினேன்.

காவல் தலைவர் வில்லைத் தாழ்த்தினார். "அட, ஹுமானோக்காரன்! மூஞ்சிய மூடிக்கிட்டா யாவாரத்துக்கு வருவ?"

"உங்க ஊர்க் கொசுவக் கேளுங்க அண்ணே."

சிரித்தார்கள். நான் ஓட்டி வந்த குதிரைகளுக்கு ஈடாக வில்மரம் தருகிறார்கள்.

இங்கே எல்லாம் கரடிக் கொழுப்புச் சமையல். காய்ந்த பூசணிக்கீற்று அனுப்பு. இருவர் பங்காக அனுப்பு. தனியாக உண்ண இன்னும் பழகவில்லை. தொமாஸ் குதிரையேறிவிட்டான்.

உன் பாஸ்குவால்