கத்தி தேடிப் போன ரயில்

அத்தான்,

துர்கா பூஜைக்கு முன்னால் கடையை ஒட்டடை அடிக்கிற வேலை இந்த வருஷமும் வந்தது. பரணில் இருந்த பெரிய அண்டாவை இறக்கினால், அதற்குப் பின்னாலிருந்து உங்கள் முகம் எட்டிப் பார்க்கிறது. கதிர்வீச்சு வைக்கும்போது தலை அசையாமல் இருக்க ஆஸ்பத்திரியில் செய்த வெள்ளை வலை முகமூடிதான். எல்லாம் முடிந்ததும் அதை நம் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். அக்கா அதை வீட்டில் வைக்கவும் மாட்டேன், குப்பையில் போடவும் மாட்டேன் என்றாள். அதனால் அது என் பரணுக்கு வந்தது. நெற்றியும் கன்னமும் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். மூக்கு மட்டும் சந்தேகமில்லாமல் உங்களுடையது. "மூக்கு வந்துட்டு, ஆளு எப்ப வாறிய?" என்று கேட்டுவிட்டுத் துடைத்து வைத்தேன்.

கல்கத்தா துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தினமும் காலையில் கரியாஹாட் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நேரே என் கடைக்குத்தான் வருவீர்கள். ஒரு தட்டு இட்லியைத் தின்றுவிட்டு, "ஏட்டி, இதால எறிஞ்சா காக்கா சாகும்" என்று சொல்வீர்கள். சொல்லிவிட்டு அடுத்த தட்டைக் கேட்பீர்கள். ஒருநாள் உங்களை மீன்காரர் ரிக்‌ஷாவில் வைத்துக் கூட்டிவந்தார். சந்தையிலேயே வலிப்பு வந்திருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அந்த நிலையிலும் மீன் பையை விடாமல் பிடித்திருந்தீர்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா வங்காளத்தில் விளக்கினார். அக்காவின் வங்காளம் கத்தரிக்காய் வாங்குகிற அளவுக்குத்தான். அதனால் நடுவில் நான் நின்றேன். இது அபூர்வமாக வருகிற புற்று, ஓரிடத்தில் திரண்டு நிற்காது, மூளையின் இரண்டு பக்கமும் இழையிழையாகப் பரவியிருக்கிறது என்றார். வெட்டி எடுக்க முடியாது. சின்னத் துளை போட்டுத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கலாம். அதன்பின் கதிர், அப்புறம் மாத்திரையாகவே கீமோ, வலிப்புக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று. குணமாகுமா என்று கேட்டேன். "தள்ளிப்போடலாம்" என்றார்.

எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. சாம்பாரில் தண்ணீர் கூடினால் ருசி செத்துப்போகிற மாதிரி, பரவிக் கிடந்தால் நோயும் நீர்த்துத்தானே போயிருக்கும்? அப்படித்தான் அக்காவிடம் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, சாம்பாருல உப்பு கூடிப்போச்சுன்னா, கரண்டியால உப்ப மட்டும் தனியா எடுத்துருவியா?"

"ஒரு உருளக்கிழங்கப் போட்டா இழுத்துரும்."

"அப்ப போடு, மண்டைக்குள்ள."

என்ன சிரிப்பு என்று டாக்டரம்மா கேட்டார். வங்காளத்தில் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு மெதுவாக, "தாதா சரியாகப் புரிந்துகொண்டார்" என்று உங்களை அண்ணன் முறை வைத்துச் சொன்னார். அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

அக்காவுக்குப் புரிந்தது, ஆனால் ஏற்கவில்லை. "வெட்ட மாட்டேங்குத டாக்டருட்ட என்ன வைத்தியம் பாக்க? இந்த ஊரே ஃபைலத் தூக்கிட்டு நம்ம பக்கம் ரயிலேறுது. அந்த ஊருல பெறந்தவுக நாம இங்க உக்காந்துருக்கோம்!" அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இங்கே யாருக்குப் பெரிய வியாதி என்றாலும் தெற்கே போ என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தமிழ் டாக்டர் என்றால் தமிழில் வேறு ஏதாவது சொல்வார், கத்தியை எடுப்பார் என்று நானும் நம்பினேன். துணுக்குப் பரிசோதனை முடிந்ததும் மூவரும் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் தமிழ்நாட்டுக்கு ரயிலேறினோம்.

பெட்டி முழுக்க ஸ்கேன் பைகள். உங்களுக்கு மஃப்ளர் கட்டச்சொல்லி அக்கா தமிழில் ஏசினாள், அவ்வளவுதான், பெட்டியே நம் பக்கம் திரும்பியது. எதிர் சீட்டில் புருஷனைக் கூட்டிவந்த பர்தமான் ஊர்க்கார அம்மா, "தாதா, தமிழ் ஜானேன்?" என்று, தமிழ் தெரியுமா எனக் கேட்டார். அதற்குப்பின் உங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. தலை சுத்துது, இங்க வலிக்குது, ரூம் வாடகை எவ்வளவு என்று வரிசையாகப் பாடம் எடுத்தீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் என்று "காரம் வேண்டாம்" என்பதை அந்தப் புருஷனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தீர்கள். இவரும் நோயாளிதான் என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

"வாய்க்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க" என்றாள் அக்கா.

"போறதுக்கு முன்னால செலவழிச்சுக்கிடுதேன்" என்றீர்கள். பேச்சு இருக்கிற இடத்திலும் அது பரவியிருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லாரும் சொன்ன அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நம் முறை வந்தது. அக்கா கேட்க வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். உள்ளே இருந்த இளம் டாக்டர், "வணக்கம்மா, நீங்க உக்காரு" என்றார். பேச்சில் ஏதோ இடித்தது. எந்த ஊர் என்று நீங்கள் கேட்டீர்கள். கல்கத்தா, பெஹாலா பக்கம் என்றார். அக்கா உட்காராமல் நின்றபடியே, "அங்கேருந்துதான் நாங்களும் வாறோம்" என்றாள். அந்தப் பிள்ளைக்கு ஒரே சந்தோஷம், கடகடவென்று வங்காளத்துக்குத் தாவிவிட்டார். அக்கா மனப்பாடம் செய்ததெல்லாம் வீண். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து போய்ப் பக்கத்துத் தெருக்காரரிடம் வைத்தியம் கேட்ட குடும்பம் நம்முடையதுதான்.

அவரும் அதையேதான் சொன்னார். வெட்டினால் நல்ல மூளையும் சேர்ந்து வரும். புதிதாகச் சோதனையில் இருக்கிற மருந்து எதுவும் உங்கள் வகைக்குப் பொருந்தவில்லை. இங்கே கொடுக்கிற கதிரும் மாத்திரையும் அங்கேயும் இருக்கிறது, வாரக்கணக்கில் லாட்ஜில் கிடப்பதைவிட வீட்டிலிருந்து போய்வாருங்கள் என்றார். அப்போது நீங்கள் கேட்டீர்கள்:

"அந்த வைத்தியத்த எடுத்துக்கிட்டா எனக்கு என்ன மிஞ்சும்? எடுக்காட்டி என்ன மிஞ்சும்?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பதில் சொன்னார். எடுத்தால் நல்லபடியாக இருக்கிற காலம் கொஞ்சம் கூடலாம், உறுதி சொல்ல முடியாது. அசதி இருக்கும், ஞாபகம் மந்தமாகலாம். எடுக்காவிட்டால் வலிப்பும் பேச்சுக் குழறலும் சீக்கிரம் வரும். நீங்கள் யோசித்துவிட்டு, "அப்ப எடுத்துக்கிடுதேன். இவள ஏசுறதுக்குப் பேச்சு வேணும்" என்று என்னைக் காட்டினீர்கள்.

திரும்பும் வழியெல்லாம் அக்கா அழுதாள். "புருசன் மண்டைய வெட்டலன்னு அழுத பொண்டாட்டி நீ ஒருத்திதான்" என்றீர்கள். அழுதுகொண்டே உங்கள் தோளில் அடித்தாள்.

கல்கத்தாவிலேயே கதிர் வைத்தார்கள். முகமூடியை மாட்டித் திருகும்போது மூக்குக்குத்தான் இடம் போதவில்லை என்று தினமும் வந்து குறை சொன்னீர்கள். வீக்க மாத்திரை உங்களுக்கு யானைப் பசியைக் கொடுத்தது. கீமோ மாத்திரை தின்ற நாட்களில் கஞ்சிகூட இறங்கவில்லை. அசதியில் பகலெல்லாம் தூங்கினீர்கள். ஆனாலும் அடுத்த பூஜையையும் அதற்கடுத்ததையும் பார்த்தீர்கள், பந்தலில் நின்று வாய் ஓயாமல் பேசினீர்கள்.

அப்புறம் ஸ்கேனில் நோய் மறுபடி வளர்ந்திருந்தது. பேச்சில் வார்த்தை ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ஊசியாக ஒரு மருந்து இருக்கிறது, வீக்கத்தை வடிக்கும், ஆயுளைக் கூட்டும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. இதற்குள் மும்பையில் யாரோ வெட்டுகிறார்களாம் என்று அக்கா கேள்விப்பட்டுவிட்டாள். "நீ சொன்னா கேப்பாரு, சொல்லுட்டி" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். காப்பி கொண்டுவந்து கொடுத்து, "அத்தான், மும்பைக்கு ஒருக்கப் போயிட்டு வருவமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் வார்த்தையை வெகுநேரம் தேடினீர்கள். "ரயிலு..." என்றீர்கள். தலையை ஆட்டினீர்கள். அக்காவின் கையைப் பிடித்துக் கட்டிலில் உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து, "இங்க" என்றீர்கள்.

அக்கா அதற்குமேல் மும்பை என்ற பேச்சை எடுக்கவில்லை. ஊசியும் வேண்டாம் என்று அவளே டாக்டரம்மாவிடம் சொன்னாள். வலிப்பு மாத்திரை, வீக்க மாத்திரை, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிற நர்ஸ் என்று இருந்தது. அப்புறம் தூக்கம் கூடியது. ஒரு மத்தியானம் அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். அப்போதும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தக் கேள்விதான். எனக்குச் சர்க்கரை மாத்திரையை மாற்றிய டாக்டரிடம்கூட எடுத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். மனிதர் முழித்தார்.

போன வாரம், வழக்கமாக மாவு வாங்குகிற பெண் ஒருத்தி தம்பியின் ஸ்கேன் பையோடு கடைக்கு வந்தாள். என்னைத் தீதி என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு, உங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரி நல்லது, எந்த ரயில் என்று கேட்டாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள், ஓரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா அவளைக் கூப்பிட்டாள். வைத்தியம் செய்தால் என்ன மிஞ்சும், செய்யாவிட்டால் என்ன மிஞ்சும் என்று இங்கே இருக்கிற டாக்டரிடம் முதலில் கேட்டாயா என்றாள். அந்தப் பெண் இல்லை என்றாள். "போய்க் கேளு. அப்புறம் ரயிலேறு."

முழுக்க வங்காளத்தில் சொன்னாள், அத்தான். ஒரு வார்த்தைக்குக்கூட என் பக்கம் திரும்பவில்லை.