ரோஜாவுக்குப் போகாத மருந்து

மிசூலா, மொண்டானா
4 அக்டோபர் 2021

மலைமேல் வேட்டை முகாமின் சமையற்கட்டை ஆளும் மருமகள் ரோவீனாவுக்கு,

தோட்டாச் சக்கரவர்த்தி ஹார்லன் மாமா எழுதுவது. கூட வரும் பெட்டியைச் சிம்மாசனத்தில் வை. உன் கணவன் கர்ட்டின் ரைபிளுக்கு இருபது தோட்டா, என் கையாலேயே வெடிமருந்து அடைத்தவை.

விலையைக் கேட்டால் மயங்கி விழுவாய். உன் அத்தையைக் கைப்பிடித்த காலத்தில், தோட்டாவின் அடியில் பொருத்துகிற பிரைமர் ஆயிரம் வாங்கி, மீதிச் சில்லறையில் இருவரும் ஆப்பிள் பை தின்போம். இப்போது ஆயிரத்துக்கு நூறு டாலர். ஆளுக்கு ஒரு டப்பாதானாம்! மருந்து விலைக்கோ ஒரு மாடு, கொட்டகை, கூடவே சின்னதாக ஒரு நாடும் வாங்கலாம். முன்பெல்லாம் அளவைக் குப்பியில் மிஞ்சியதை அத்தையின் ரோஜாச் செடிக்கு உரமாகக் கொட்டுவேன். பூ ஒவ்வொன்றும் லாரிச் சக்கரம். இப்போது ரோஜா பட்டினி. ஒரு பொடி சிந்தாமல் டப்பாவுக்கே திருப்பிவிடுகிறேன்.

கிரீடம் கனக்கும்
மாமா

11 அக்டோபர்

அன்புள்ள மாமா,

பெட்டி வந்தது. சிம்மாசனம் இல்லாததால் மாவு மூட்டைமேல் வீற்றிருக்கிறது. உங்கள் வீட்டைக் கரடி வாடகைக்கு எடுத்ததாகப் போன மாதம் எழுதினீர்களே, “உங்க மாமா கரடிகிட்ட முன்பணம் வாங்கிட்டாரா?” என்று கர்ட் இன்னும் கேட்கிறார்.

இருபத்துமூன்றாம் தேதி வேட்டை தொடங்குகிறது. எல்க் மான் கிடைக்காவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கடை இறைச்சிதான். கொஞ்சம் பயமாக இருக்கிறது. உங்கள் தோட்டாவைத்தான் நம்பியிருக்கிறோம்.

ரோவீனா

20 அக்டோபர்

ரோவீனா,

அந்தப் பெட்டியில் ஒன்றைக்கூடச் சுடாதீர்கள்.

உங்கள் தோட்டாக்களுக்கு எடுத்த ரைபிள் மருந்து டப்பாவை இன்று மறுபடி திறந்தேன். குச்சி குச்சியான மருந்துக்குள் தட்டைத் துணுக்குகள் கிடந்தன. அது கைத்துப்பாக்கி மருந்து, வேகமாக எரியும். மிஞ்சியதை டப்பா மாற்றிக் கொட்டியிருக்கிறேன். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். கொட்டிய அன்று இரண்டு இருந்தன. எந்தத் தோட்டாவில் எவ்வளவு போயிற்றென்று தெரியாது. ரைபிள் கர்ட்டின் முகத்திலேயே வெடிக்கலாம்.

உங்கள் மலையில் போன் எடுக்காது. என் முழங்கால் ஏறாது. அடிவாரம்வரை ஓட்டிப்போய், சாமான் ஏற்றிவரும் கழுதைக்காரர் கையில் இதைக் கொடுக்கிறேன்.

ஹார்லன்

23 அக்டோபர்

மாமா,

இன்று விடிகிற நேரத்துக்குத்தான் கழுதைக்காரர் வந்தார். அதற்குள் கர்ட் உங்கள் தோட்டாக்களை ரைபிளில் நிரப்பித் தோளில் மாட்டியிருந்தார். “இந்த வாரக் கதை வந்தாச்சா?” என்று சிரித்தார். கடிதத்தை அவர் கையில் கொடுத்து, “இதுல ஒரு கரடிகூட இல்லைங்க” என்றேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு உட்கார்ந்து, நான்கு தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பக்கத்துக் கூடாரத்தில் கடைத் தோட்டா ஐந்து கடன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

உங்கள்மேல் கோபமில்லை. ஆனால் இருபதும் பெட்டியில் இருக்கின்றனவா என்று இதுவரை மூன்று தடவை எண்ணிவிட்டேன். தயவுசெய்து உடனே ஒரு பொய் எழுதி அனுப்புங்கள்.

ரோவீனா