வெள்ளை மேடு, கறுப்புப் பள்ளம்

அன்பு மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். இங்கே நான் சுகம், அப்பாவும் உடம்பளவில் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போன் வந்தாலே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார், அவரைப் பற்றி அவர் காதுபடவே பேச முடியுமா? மெசேஜில் இவ்வளவையும் தட்ட எனக்கு விரல் வராது. அப்பா இப்போதெல்லாம் குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லையே, என் மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். கோபமும் இல்லை ஒன்றும் இல்லையடி, எல்லாம் நான் செய்து வைத்த கூத்து. விவரமாகச் சொல்கிறேன், அவசரப்படாமல் படி.

நீ அனுப்புகிற படங்களை எல்லாம் நான்தான் அவருக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். உருண்டை முகம், சின்ன மூக்கு, இதையே எத்தனை முறை சொல்வது? பார்வை போன பிறகு அவருக்குக் கைதானே எல்லாம். பட்டறையில் டிங்கர் வேலை பார்த்த காலத்திலேயே கார்க் கதவில் நெளிவு போய்விட்டதா என்று உள்ளங்கையால் தடவித்தான் முடிவு செய்வார். அதனால் குட்டியின் முகத்தை மரத்தில் செதுக்கிக் கையில் கொடுத்தால் என்ன என்று எனக்கு ஓர் எண்ணம், அவரிடமும் சொல்லி வைத்தேன். எங்கள் ஸ்கேன் சென்டருக்குப் பின்தெருவில் ஒருவர் கம்ப்யூட்டர் மெஷின் வைத்துக் கதவுகளுக்குப் பூவேலை செதுக்குகிறார். எந்நேரமும் தலை முதல் கால் வரை மரத்தூள், அதனால் தெருவே அவரைத் தூசி என்றுதான் கூப்பிடுகிறது, அவரும் திரும்பிப் பார்க்கிறார். நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தால் சுலபம் என்றார், அதற்குப் பிள்ளை ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டுமாம், அந்தப் பழக்கம் நம் பரம்பரையிலேயே கிடையாது என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போதும், வெள்ளையை மெஷின் மேடாக விடும், கறுப்பை ஆழமாகத் தோண்டும், நடுவில் உள்ள சாம்பலெல்லாம் நடு உயரம் என்றார். அட, நமக்குத் தெரிந்த சங்கதியாயிற்றே! எக்ஸ்ரே படங்களை உறையில் போட்டுக் கொடுத்தே தலை நரைத்தவள் நான், அதில் வெள்ளை என்றால் எலும்பு, கறுப்பு என்றால் காற்று. போட்டோ அப்படி இல்லைங்க என்று தூசி ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்குத் தெரியும், நீங்க போடுங்க என்று நானே அடக்கிவிட்டேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

வந்தது பார் ஒரு முகம், பயந்தே போனேன். ஜன்னல் வெளிச்சம் பட்ட கன்னம் உப்பிக் கிடக்கிறது, நிழலில் இருந்த கன்னம் உள்ளே போய்விட்டது, மூக்குக்குக் கீழே வாய்க்கால், முடி இருந்த இடத்தில் கிடங்கு, கருவிழி இரண்டும் ஓட்டை. போட்டோவில் வெள்ளை என்பது வெளிச்சம் விழுந்த இடமே தவிர உயர்ந்த இடம் இல்லை என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. அந்தப் பலகையைத் துணி அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, விட்டேனா பார் என்று தினமும் வேலை முடிந்ததும் தூசியின் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். போட்டோவை அடியில் வைத்து, அதன் மேல் உயரத்தை மட்டும் பார்த்து நானே சாம்பல் பூசினேன். மூக்கு நுனிதான் எல்லாவற்றையும்விட வெளுப்பு, பிறகு நெற்றி, கன்னம், கழுத்து கொஞ்சம் மங்கல், பின்னால் இருப்பது சுத்தக் கறுப்பு. கருவிழியைக் கறுப்பாக விடக்கூடாது, அதுவும் உருண்டைதானே. இதில் எனக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு ஆளின் முகத்தை எந்தச் சாம்பல், எந்தச் சாம்பல் என்று உற்றுப் பார்த்ததில் அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது பலகையில் கன்னமெல்லாம் படிப்படியாக வந்தது. சாதாரணப் படத்தில் இருக்கும் சாம்பல் வகை போதாதாம், ஒவ்வொரு வகையும் ஒரு படியாக நின்றுவிடுகிறது. இன்னும் ஆயிரக்கணக்கில் சாம்பல் பிடிக்கிற கோப்பாகத் தொடக்கத்திலேயே திறந்து அதில் பூச வேண்டும், பிறகுதான் படி தெரியாமல் மழுப்ப வேண்டும், அதையும் ஒரேயடியாக மழுப்பினால் உதடும் இமையும் கரைந்துவிடும், கன்னத்துக்குத் தாராளமாக, உதட்டோரம் பட்டும் படாமலும். முடித்துவிட்டுப் போட்டோ மாதிரி சுருக்கிச் சேமித்தால் மரத்தில் மணல் ஒட்டியது போல் சொரசொரப்பு வரும். மெஷினும் உருண்டை முனை ஊசியால் நெருக்கி நெருக்கி ஓட வேண்டும். இத்தனையும் செய்து மூன்றாவது பலகை வெண்ணெயாக வந்தது, தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் அந்த முதல் பலகை. அலமாரிக்கு அடியில் செருப்பைத் துழாவும்போது எப்போதோ கையில் பட்டிருக்கிறது. நாள் கணக்கில் யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப அடியில் வைத்திருக்கிறார், அதனால்தான் போனில் உன்னிடம் வாய் திறக்கவில்லை. "கொழந்தைக்குக் கண்ணு இல்லியா? என் வியாதி அதுக்கும் வந்துடுச்சா? எனக்குக் கண்ணு தெரியாதுங்கிறதுக்காக எல்லாரும் சேந்து மறைச்சா நான் யாரைப் போய்க் கேப்பேன்?" என்றார். அழுதேன், சத்தியம் செய்தேன், டாக்டர் குட்டியின் கண்ணைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், நிழலையும் எக்ஸ்ரேயையும் விளக்கினேன். புதுப் பலகையைக் கையில் கொடுத்தேன். மெதுவாகத் தடவினார், ஒரு இடத்தில்கூட விரல் தட்டவில்லை. "வேலை சுத்தமா இருக்கு. ஆனா இது நீ பண்ணின மொகம். அதோட மொகம் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது நியாயம்தானே. மூக்கு எவ்வளவு உயரம், கண் எவ்வளவு உள்ளே என்று எந்தப் போட்டோவும் எனக்குச் சொல்லவில்லை, எல்லாம் நானே ஆசைப்பட்டுப் பூசிய சாம்பல். நானும் இன்னும் குட்டியைத் தொட்டதில்லையே.

அதனால் உனக்கு ஒரு வேலை. அடுத்த வருஷம்தான் லீவு கிடைக்கும் என்கிறாய், அதுவரை அவர் இப்படியே மருகிக்கொண்டிருக்க வேண்டாம். குட்டி தூங்கும்போது போன் போடு. நீயும் கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியில் ஆரம்பித்து விரலை மெல்லக் கீழே இறக்கு, எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று அவரிடமே சொல். மூக்கு சப்பை என்றால் சப்பை என்றே சொல், அலங்காரம் வேண்டாம். அவர் பலகையைத் தடவிக்கொண்டே எங்கே உயர்த்தணும், எங்கே தாழ்த்தணும் என்பார், நான் அதன்படி சாம்பலை மாற்றுகிறேன், தூசி நாலாவது பலகைக்குத் தயார் என்று சொல்லிவிட்டார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, பச்சை உடம்பு, கண்டபடி குளிரில் நிற்காதே, மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தூங்குகிற பிள்ளையின் மூடிய இமை மேல் பூப்போல விரலை வைத்தால் உள்ளே விழி உருளுவது தெரியும், உன்னைத் தூங்க வைக்கும்போது நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதை நீயாகவே சொல்லிவிடு. அவர் கேட்க மாட்டார், கேட்க அவருக்குப் பயம்.

என்றும் உன் நினைவில்,
அம்மா