முன்னால் யாரும் இல்லாமல்

1974 ஆடி. சனி இரவு.

மாமாவிடம் பொய் சொல்லிவிட்டேன்.

அவருக்குக் கால் ஊனம். கடற்கரைச் சவாரிக்கு அவர் கறுப்பி என்ற குதிரை மேல் முன்னால் போவார். காசு கொடுத்து ஏறும் குழந்தையைச் சுமந்துகொண்டு மட்டக்குதிரை சிட்டு பின்னால் வரும். போன வாரம் கறுப்பி செத்துவிட்டது. முன்னால் குதிரை இல்லாமல் சிட்டு தனியாகப் போகாவிட்டால் அதைச் செங்கல்பட்டு ஜட்காக்காரரிடம் தள்ளிவிடுவாராம். அந்த மட்டக்குதிரை வண்டி இழுத்துப் பிழைக்காது.

அதனால் மாலையில் நானே ஏறிப் பார்த்தேன். சவுக்குத் தோப்பு வரை ஒழுங்காகப் போனது. அங்கே நின்று காதுகளை மடக்கியது. குதிகாலால் தட்டினேன். சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பாய்ந்தது. மணலில் விழுந்தேன். கடிவாளத்தை மட்டும் விடவில்லை. பிறகு நான் முன்னால் நடக்க, சாதுவாகப் பின்னால் வந்தது.

வாசலில் மாமா.

"இன்னாடா, தனியா போச்சா?"

"போச்சு மாமா."

"சட்டையெல்லாம் மண்ணு கீது?"

"கரையில படுத்திருந்தேன்."

"படிச்சவன் படுக்கிற எடமா அது! சரி, நாளைக்கு மெட்ராஸ்காரங்க வர்றாங்க. அவுங்க பாப்பாவ தனியா ஏத்தி வுட்டுடலாம்."

சிட்டுவை மட்டுமே நினைத்திருந்தேன். குழந்தை என் கணக்கில் இல்லை.

நாளை நான் முன்னால் நடக்கலாம். திங்கள் காலை கல்லூரிக்குப் பஸ் ஏறிவிடுவேன். அப்புறம் ஏறும் குழந்தை?

வெளியே பீடி நாற்றம். மாமா விழித்திருக்கிறார். கொட்டகையில் சிட்டு குளம்பால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்து மீதியை இந்த நோட்டில்—